சோதனை வேறு, விற்பனை வேறு

இணையத்தில் கடை வைத்திருக்கும் வியாபாரிகளே, உங்கள் மென்பொருளாளர் சோதனை பார்ப்பது எங்கே என்று கேட்டதுண்டா?

நான் கேட்கவில்லை. சோதனைக்காக அவர் ஒரு மின்விசிறிக்கு 10 ரூபா விலை போட்டார். தரவுத்தளம் ஒன்றே என்பதால் கடையிலும் அதே விலை. விடியும்போது ஆறு ஓடர்கள். சொன்ன விலைக்கே கொடுத்தோம்.

புரோகிராம் ஒன்றாக இருக்கலாம். செட்டிங் இரண்டாக இருக்க வேண்டும். சோதனைத் தளத்துக்குத் தனித் தரவுத்தளம் வேண்டும். கடனட்டைக் கொடுப்பனவுக்கும் சோதனைச் சாவி, உண்மைச் சாவி என இரண்டு உண்டு. சோதனைச் சாவியில் காசு நகராது. சாவிகளையும் கடவுச்சொற்களையும் புரோகிராமுக்குள் எழுதாமல் அந்தந்த சேர்வரில் தனியே வைக்க வேண்டும். ஜாங்கோவில் செய்த தளமென்றால், பிழை விபரம் காட்டும் 'டிபக்' வசதியை விற்பனைத் தளத்தில் நிறுத்த வேண்டும்; இல்லையேல் உள்விபரங்கள் வெளியாருக்குத் தெரியும்.

அடுத்த மாற்றத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.