தனிவழிப் பயணமும் ஆற்றுப்படை மரபும்

பெரம்பலூருக்குத் தெற்கே, திருச்சி – சென்னை நெடுஞ்சாலையில் அமைந்துள்ள சிறுவாச்சூரை அறியாதார் இப்பகுதியில் இலர். அவ்வூர் மதுரகாளியம்மன் கோயிலின் நடை பொதுவாகத் திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையுமே திறக்கப்படும். அந்நாள்களில் சாலையோரம் பேருந்தைவிட்டு இறங்குவோருள் குடும்பத்தோடு வருவோர் பலர். தனியே வருவோரும் உளர். தனியே வந்தவர் சற்றே நின்று, வழி கேட்கத் தக்கவர் யாரெனச் சுற்றிலும் நோக்குவார். உடன் இறங்கிய மற்றொருவர், "நானும் அங்கேதான் போகிறேன், வாருங்கள்" என்பார். இருவரும் ஊரும் பேரும் வினவிக்கொண்டே நடப்பர். நாம் பெரிதாக எண்ணாத இச்சிறு நிகழ்ச்சிக்கெனத் தமிழ் ஓர் இலக்கிய வகையையே படைத்துள்ளது.

ஆற்றுப்படை என்பதே அவ்வகை. ஆறு என்பது வழி. படுத்தல் என்பது செலுத்துதல். வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞர் ஒருவர், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கலைஞரைக் கண்டு, தாம் பெற்றதைக் கூறி, அவரும் பெறுமாறு வழிகாட்டுவதே இதன் பொருள். தொல்காப்பியப் புறத்திணையியல் இதற்கு இலக்கணம் வகுத்துள்ளது. பத்துப்பாட்டில் சரிபாதியாகிய ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகளே. அவற்றுள் கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. நன்னனிடம் செல்லும் வழியில் நேரும் இடர்கள் எவை, எங்குத் தங்கலாம், எவர் விருந்தோம்புவர் என்பனவற்றையெல்லாம் அது விரித்துரைக்கிறது. தாம் பட்ட துன்பம் பின்வருவோர்க்கு நேராதிருக்க வேண்டும் என்னும் உள்ளமே இம்மரபின் உயிர் எனலாம்.

இவ்வுள்ளத்தின் பயனை வரலாற்றில் காண விழைவோர் இப்னு பதூதாவின் வாழ்க்கையை நோக்குதல் தகும். மொராக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகரிலிருந்து ஹிஜ்ரி 725, ரஜப் மாதத்தில், அதாவது 1325ஆம் ஆண்டில், ஹஜ் கடமையை நிறைவேற்றத் தன்னந்தனியே புறப்பட்டபோது அவருக்கு வயது 21. வழியில் ஒரு பயணக் குழுவோடு சேர்ந்து தூனிஸ் நகரை அடைந்தார். நகரமக்கள் எதிர்கொண்டு வந்து, தமக்கு அறிமுகமானோர்க்கெல்லாம் ஸலாம் கூறி நலம் வினவினர். இவரை அறிந்தார் எவருமிலர். ஆதலின் இவருக்கு ஸலாம் கூறுவாரும் இலர். தனிமை தாளாது இளைஞர் அழுதுவிட்டார். அதனைக் கண்ட ஹஜ் பயணி ஒருவர் அருகில் வந்து ஸலாம் கூறி, நகருக்குள் நுழையும்வரை இன்சொல் பேசி உடன் நடந்தார். அம்மனிதரின் பெயரை நூல் கூறவில்லை. ஆனால் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1355இல் தம் பயண வரலாற்றை இப்னு ஜுஸை என்பாரைக் கொண்டு எழுதுவித்தபோதும் அந்த ஸலாமை அவர் மறந்திலர்! அன்று அழுத அவ்விளைஞரே தூனிஸைவிட்டுப் புறப்படுகையில் பயணக் குழுவின் காஜியாக அமர்த்தப்பட்டார் என்பதும் அறியத்தக்கது.

அலெக்சாந்திரியாவில் அவர் கண்ட புர்ஹானுத்தீன் என்னும் பெரியார், "பயணத்தில் உமக்கு விருப்பம் மிகுதி எனத் தெரிகிறது" என்று கருத்துரைத்து, சிந்துவிலும் இந்தியாவிலும் சீனத்திலும் இருந்த தம் சகோதரர் மூவரைக் கண்டு தம் ஸலாமை எத்திவைக்குமாறு பணித்தார். அதுவரை அந்நாடுகளை எண்ணியிராத இளைஞரின் நெஞ்சில் அவ்விருப்பம் வேரூன்றியது. அரபு மண்ணில் நிகழ்ந்த ஆற்றுப்படை என்றே இதனைக் கொள்ளலாம்.

பின்னர் அவர் சென்ற நகரங்களுள் ஒன்று, இன்றைய ருசிய நாட்டு எல்லைக்குள் வோல்கா ஆற்றுப் பகுதியில் விளங்கிய ஸராய். மங்கோலியர், கிப்சாக்கியர், சர்க்காசியர், ருசியர், கிரேக்கர் எனப் பல இனத்தார் அங்குத் தனித்தனிப் பகுதிகளில் வாழ்ந்தனர். ஈராக், எகிப்து, சிரியா முதலிய நாட்டு வணிகர் தங்கியிருந்த பகுதியைச் சுற்றி மதில் இருந்தது என்கிறார். வேற்று மண்ணில் தன் மொழி பேசுவோரைக் காணும் இன்பத்தை அத்தகைய நகரங்களே பயணிக்கு அளித்தன.

நம் பகுதிக்கு உரிய செய்தி இதனினும் சிறப்புடையது. 1344ஆம் ஆண்டளவில் இலங்கையை அடைந்த அவர், பாவா ஆதம் மலையைக் காண விரும்பினார். யாழ்ப்பாணத் தமிழ் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்கு ஒன்றைத் தந்ததோடு, ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் நால்வரையும் அந்தணர் மூவரையும் துணையாக அனுப்பினார். ஒரே அடிச்சுவட்டை வெவ்வேறு நம்பிக்கையோடு போற்றுவோர் ஒரே வழியில் ஒருங்கே நடந்தனர். திரும்பிச் சோழமண்டலக் கரையை நோக்கி வருகையில் கலம் புயலில் சிக்கிற்று. இரவெல்லாம் சிதைந்த கலத்தின் பின்பகுதியில் இருந்தவரை, விடிந்ததும் படகில் வந்து கரைசேர்த்தவர்கள் இம்மண்ணின் முஸ்லிமல்லாத மக்களே. மீனும், பனையிலிருந்து கிடைக்கும் இனிய உணவும் தந்து அவர்கள் ஓம்பியதை அவர் நன்றியோடு குறித்துள்ளார்.

சீனத்தில் தம் நாட்டுக்கு அண்மையதாகிய ஸப்தா நகரத்தவர் ஒருவரைக் கண்டு இருவரும் அழுததாகவும், பல்லாண்டுகளின் பின் சகாராப் பாலையின் ஓரத்தில் அவருடைய உடன்பிறந்தாரின் வீட்டிலேயே தங்கியதாகவும் அவர் உரைக்கிறார். சீனப் பயணப் பகுதி குறித்து ஆய்வாளர் சிலர் ஐயம் எழுப்பியுள்ளனர். எனினும் அவ்வழுகையின் பொருள் நமக்கு விளங்காததன்று.

வழியில் எதிர்ப்படுவோர் அனைவரும் நல்லவராதல் இல்லை. 1342இல், இன்று அலிகர் எனப்படும் இடத்தருகே கொள்ளையரிடம் சிக்கி உடைமை இழந்தவர்தாம் இப்னு பதூதா. ஆயின், சோர்ந்து விழுந்த அவரைத் தோளில் சுமந்து ஊர் சேர்த்தவரும் வழியில் கண்ட அயலார் ஒருவரே. எச்சரிக்கை வேண்டும், அதன்பொருட்டு முகம் திருப்பிக்கொள்ளுதல் வேண்டுவதின்று.

இஸ்லாம், ஜகாத் பெறத் தகுதியுடைய எண்வகையினருள் வழிப்போக்கரையும் ஒருவராக வைத்துள்ளது. ஊரில் செல்வராயினும் வழியில் பொருளற்று நிற்போர் அவ்வுரிமைக்கு உரியவரே. பயணியின் தேவை இரக்கத்தைச் சார்ந்ததாக விடப்படாமல் உரிமையாக்கப்பட்டுள்ளமை எண்ணத்தக்கது.

லெப்பைக்குடிக்காடு, வி. களத்தூர் முதலிய நம் ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குத் தனியே புறப்படும் இளைஞர் பலர். முன்சென்றவர் தரும் முகவரியும் ஒரு வேளை உணவும் அவர்களுக்கு எத்துணைப் பெரிய ஆற்றுப்படை என்பதை, மக்களை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர் அறிவர். சிற்றூரிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாயிலில் வந்து நிற்கும் மாணவருக்கும் அதுவே தூனிஸ் நகரம். வகுப்பறை எங்கே என அவர் கேட்குமுன் நாமே சென்று நலம் வினவுவோமாக. பத்துப்பாட்டைப் படித்ததன் பயன் அதுவேயாம்.