ஒருவரும் உலகமும்: சமநிலையில் முடிந்த ஒரு சதுரங்க ஆட்டம்

சதுரங்கம் ஆடுவோர் இருவரும் ஒரே பலகையின் முன் அமர்ந்திருத்தல் வேண்டுமென்பதில்லை. நகர்வுகளை அஞ்சலில் அனுப்பி, மறுமொழிக்கு நாட்கணக்கிற் காத்திருந்து ஆடும் வழக்கம் ஐரோப்பாவில் நெடுங்காலமாக உண்டு. 1824இல் இலண்டன், எடின்பரோ நகரக் கழகங்கள் இவ்வாறு தொடங்கிய போட்டியினாலேயே ‘ஸ்கொட்லாந்து ஆட்டம்’ என்னுந் தொடக்கமுறை அப்பெயர் பெற்றது. 2025 ஏப்ரலில் நோர்வே நாட்டு மக்னஸ் கார்ல்சன் ஒருபுறமும், இணையவழி வாக்களித்த 143,000 பேர் வரையிலானோர் மறுபுறமுமாகத் தொடங்கிய ஆட்டமும் இம்மரபின் வழிவந்ததே. ஒரு நகர்வுக்கு 24 மணி நேரந் தவணை. பெரும்பான்மை வாக்குப் பெற்றதே உலகத்தாரின் நகர்வு.

தொலைவிலிருந்து ஆடுவோருக்குத் தொடக்க நகர்வுகளை ஆராய்ந்த நூல்கள் பெருந்துணையாவன. இவ்வாட்டத்திலோ அத்துணைக்கு இடமில்லை. பொபி பிஷர் 1996இல் அறிவித்த முறைப்படி, பின்வரிசைக் காய்கள் குலுக்கற்சீட்டுப்போல இடம்மாற்றி வைக்கப்பட்டன. மந்திரிகள் இரண்டும் வெவ்வேறு நிறக் கட்டங்களில் நிற்றல் வேண்டும். அரசன் இரு கோட்டைகளுக்கும் இடையில் நிற்றல் வேண்டும். இவ்விதிகளுக்கமைய எத்தனை தொடக்கநிலைகள் உள? மாணவர் எளிதிற் கணித்தறியலாம். மந்திரிகளை வைக்க 4 × 4 = 16 வழிகள்; எஞ்சிய 6 கட்டங்களில் அரசிக்கு 6; பின்னுள்ள 5 கட்டங்களிற் குதிரைகளுக்கு 10; மீதி மூன்றிற் கோட்டை, அரசன், கோட்டை என ஒரே வழி. ஆக, 16 × 6 × 10 = 960. இவையனைத்திற்கும் தொடக்க நகர்வுகளை மனனஞ் செய்தல் எவர்க்கும் இயலாது.

1999இல் கஸ்பரோவ் 50,000க்கும் மேற்பட்டோரை எதிர்த்தபோது ஆடப்பட்டது பழகிய சிசிலியத் தற்காப்பு. பத்தாம் நகர்வில், 15 வயதினரான இரினா குருஷ் முன்மொழிந்த அரசியின் புதுநகர்வு கஸ்பரோவைத் திணறச் செய்தது. எனினும் 62ஆம் நகர்வில் வெற்றி அவருக்கே. 2024இல் விசுவநாதன் ஆனந்தும் ஏறத்தாழ 70,000 பேரை வென்றார். ஆதலின் கார்ல்சனும் வெல்வாரென்றே எதிர்பார்க்கப்பட்டது. ஆனால், 32ஆம் நகர்வில் உலகத்தார் அவருடைய அரசனுக்கு மீண்டும் முற்றுகையிட, ஒரே நிலை மூன்றாம் முறை தோன்றியது. அவ்வாறாயின் ஆட்டஞ் சமநிலை என்பது விதி.

பலர் கூடின் அறிவு பெருகுமா, மழுங்குமா? துணிகரமான நகர்வு பெரும்பான்மை பெறுதல் அரிது. பெரும்பிழையான நகர்வு பெறுதலும் அரிதே. தோல்வியைத் தவிர்த்தற்கு வாக்கெடுப்பு ஏற்ற ஏற்பாடு. வெற்றிக்கும் ஏற்றதோவெனின், ஐயமே. உலகத்தார் தொடக்கமுதல் மிகச் செவ்விதாக ஆடினரெனக் கார்ல்சனே பாராட்டினார்.