தயிர்ச் சட்டியா... மருந்துப் பாக்கெட்டா?

சத்தியமங்கலம் பூ மார்க்கெட் பக்கம் ஒரு வீடு. பன்னாரி குண்டம் திருவிழா முடிந்து, வெயில் சுள்ளென்று காய ஆரம்பித்திருக்கும் நேரம். மூன்று வயதுப் பையனுக்குக் காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. அம்மா அவசரமாக மெடிக்கல் ஷாப்புக்கு ஓடி, ஒரு சின்ன பாக்கெட் பவுடரோடு வந்தார்.

''இதுல நல்ல கிருமி இருக்குதாமுங்க அத்தை. வயித்தையும் சரி பண்ணுமாம்... எதிர்ப்பு சக்தியும் வருமாம்.''

மாமியார் பேரனைப் பார்த்தார். ''அது கெடக்குது கண்ணு... எட்டு தடவை போயிருக்கறான். குடிக்க என்ன குடுத்தே?''

''தண்ணி குடுத்தா இன்னும் போவானேன்னு குடுக்கலீங்க அத்தை...''

சாயங்காலம் பையனுக்கு நாக்கு வறண்டு போயிற்று. கண் உள்ளே போய்விட்டது. அழுதான், கண்ணீர் வரவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வியும் அதேதான்... ''குடிக்க என்ன குடுத்தீங்க?''

பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால், இந்தக் காட்சி எந்த வீட்டிலும் நடக்கலாம். உங்கள் வீட்டிலும்தான்! அந்த அம்மா கொடுத்த பவுடர் கெட்டதா என்றால், இல்லை. பிறகு தப்பு எங்கே நடந்தது? வாருங்கள், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

வயிற்றுக்குள் ஒரு ஊர்!

கிருமி என்றாலே நமக்கு டெட்டால் பாட்டில்தான் ஞாபகம் வரும். ஆனால், நம் குடலுக்குள் கோடானுகோடி கிருமிகள் குடியிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நமக்கு நண்பர்கள். நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவை செரிக்கின்றன. சில வைட்டமின்களைத் தயாரிக்கின்றன. கெட்ட கிருமி வந்தால், 'இங்கே இடமில்லை, போ!' என்று விரட்டுகின்றன. உடம்பின் நோய் எதிர்ப்பு செல்களில் பெரும்பகுதி குடலைச் சுற்றித்தான் இருக்கிறது. யார் நண்பன், யார் எதிரி என்று அவை பாடம் படிப்பதும் இந்தக் குடியிருப்பாளர்களிடம்தான்.

இந்த ஊரில் முதலில் ஆட்களைக் குடியேற்றுவது யார் தெரியுமா? தாய்தான்! பிரசவத்தின்போதும் தாய்ப்பாலின் வழியாகவும் நல்ல கிருமிகள் குழந்தைக்கு வந்து சேர்கின்றன. தாய்ப்பாலில் ஒருவகைச் சர்க்கரை இருக்கிறது. குழந்தையால் அதைச் செரிக்க முடியாது. பிறகு எதற்கு அது? குடலில் உள்ள நல்ல கிருமிகளுக்குச் சாப்பாடு! ஆகவே, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் ஆரோக்கியமான குழந்தைக்கு எந்த பவுடரையும் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டியதில்லை.

பாக்கெட்டில் என்ன இருக்கிறது?

'புரோபயாடிக்' என்பது உயிருள்ள நல்ல கிருமி. 'போதுமான அளவில் கொடுத்தால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்' என்று 2001-ல் உலக சுகாதார நிறுவனமும், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு இதற்கு இலக்கணம் சொன்னது. இதில் 'உயிருள்ள', 'போதுமான அளவு' என்ற இரண்டு வார்த்தைகளையும் மறக்காதீர்கள்.

இன்னொரு விஷயம். அரிசி என்று பொதுவாகச் சொன்னாலும் இட்லி அரிசியில் பிரியாணி செய்ய மாட்டோம் இல்லையா? கிருமியும் அப்படித்தான். ஒரு ரகம் செய்யும் வேலையை இன்னொரு ரகம் செய்யாது. 'புரோபயாடிக்னா எல்லாம் ஒண்ணுதானே' என்று கடையில் கிடைத்ததை வாங்குவது வீண் செலவாகத்தான் முடியும்.

வேலை செய்கிறதா, இல்லையா?

'ரெண்டும் உண்டு' என்பதுதான் நேர்மையான பதில். நம் நாட்டிலேயே நடந்த மூன்று ஆராய்ச்சிகளைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒடிசா கிராமங்களில் பிறந்த 4,556 பச்சிளம் குழந்தைகளைச் சேர்த்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஒரு பாதிப் பேருக்கு ஏழு நாட்கள் நல்ல கிருமியும் அதற்குத் தீனியான சர்க்கரையும் கொடுத்தார்கள். 2017-ல் முடிவு வெளியானது. மருந்து எடுக்காத குழந்தைகளில் 100-க்கு 9 பேருக்கு ரத்தத்தில் கிருமித் தொற்று அல்லது மரணம் நேர்ந்தது. எடுத்தவர்களில் அது ஐந்து சொச்சமாகக் குறைந்தது. பெரிய விஷயம்தான்! ஆனால், அது தேர்ந்தெடுத்த ஒரே ரகக் கிருமி. மருத்துவக் குழுவின் கண்காணிப்பில் கொடுத்தது. நாமாகச் செய்து பார்க்கிற காரியமல்ல.

கொல்கத்தாவில் குடிசைப் பகுதியில் 1 முதல் 5 வயது வரையுள்ள 3,758 குழந்தைகளில் ஒரு பாதிப் பேருக்கு 12 வாரம் தினமும் நல்ல கிருமி சேர்த்த பால் பானம் கொடுத்தார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்கு வயிற்றுப்போக்கு 14 சதவீதம் குறைந்தது. 'அட, அவ்வளவுதானா?' என்கிறீர்களா? அவ்வளவுதான்!

மூன்றாவது, நம்ம வேலூரில். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து போடும் குழந்தைகளுக்கு நல்ல கிருமியும் ஜிங்க்கும் கொடுத்து, தடுப்பு மருந்து நன்றாக வேலை செய்கிறதா என்று பார்த்தார்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுத்த குழந்தைகளுக்கு எதிர்ப்பு சக்தி கொஞ்சம் கூடியது. கொஞ்சம்தான்.

சரி, வயிற்றுப்போக்கு வந்த பிறகு கொடுத்தால்? அமெரிக்காவில் 971 குழந்தைகளிடமும், கனடாவில் 886 குழந்தைகளிடமும் சோதித்து 2018-ல் முடிவு சொன்னார்கள். பவுடர் சாப்பிட்டவர்களுக்கும் வெறும் மாவு சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசமே இல்லை!

உருப்படியாகப் பயன் தெரிவது ஓர் இடத்தில். ஆன்டிபயாடிக் மருந்து சாப்பிடும்போது கெட்ட கிருமியோடு நல்ல கிருமியும் செத்துப்போகும். அதனால் பல குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரும். 6,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சேர்த்த 33 ஆராய்ச்சிகளை 2019-ல் ஒன்றாக அலசிப் பார்த்தார்கள். கூடவே புரோபயாடிக் எடுத்தவர்களில் 100-க்கு 8 பேருக்கும், எடுக்காதவர்களில் 19 பேருக்கும் இந்தத் தொல்லை வந்திருந்தது. ஆன்டிபயாடிக் எழுதும்போது உங்கள் டாக்டரிடம் இதைப் பற்றிக் கேட்கலாம்.

முதல் மருந்து உப்பு - சர்க்கரைத் தண்ணீர்!

1971. வங்கதேசப் போர் சமயம். அகதிகள் நிறைந்த பன்காவ் முகாமில் காலரா. ஏற்றுவதற்கு சலைன் பாட்டில் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மஹலானபிஸ், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை டிரம் டிரம்மாகக் கரைத்துக் குடிக்க வைத்தார். 100-க்கு 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது!

சர்க்கரை குடலுக்குள் நுழையும்போது உப்பையும் தண்ணீரையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போகிறது. வயிற்றுப்போக்கு இருக்கும்போதும் இந்தக் கதவு திறந்தே இருக்கும். 'தண்ணி குடுத்தா இன்னும் போகும்' என்பது தப்பு. போவது போகட்டும், அதைவிட அதிகமாக உள்ளே போகவேண்டும். அதுதான் கணக்கு.

* ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழு பாக்கெட்டையும் கரையுங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

* பாக்கெட் இல்லையா? காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

* ஒவ்வொரு தடவை போன பிறகும் 2 வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள்.

* தாய்ப்பாலையும் வழக்கமான சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். டாக்டர் சொல்படி ஜிங்க் மாத்திரை 14 நாட்கள். நடுவில் நின்றுவிட்டாலும் முழுசாகக் கொடுக்கவேண்டும்.

* டப்பாவில் வரும் இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பாதீர்கள். சரியான அளவில் இல்லாத பானங்கள் அந்தப் பெயரையே போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டுவிட்டது.

மலத்தில் ரத்தம், எதைக் குடித்தாலும் வாந்தி, குழி விழுந்த கண், ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, குழந்தை துவண்டு கிடக்கிறது... இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி!

நம்ம அடுப்படியில்...

எதிர்ப்பு சக்தியை பாக்கெட்டில் தேடுவதற்கு முன்னால் அடுப்படியைப் பாருங்கள். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு வீட்டுத் தயிரைப் பிசைந்து கொடுக்கலாம். பாலை நன்றாகக் காய்ச்சி, வெதுவெதுப்புக்கு ஆறிய பிறகு உறை ஊற்றுங்கள். கொதிக்கும் சோற்றில் தயிரைக் கொட்டினால் கிருமிகள் செத்துவிடும். சோறு ஆறட்டும். மோர்க்குழம்பிலும் இட்லியிலும் அவை உயிரோடு இருக்காது. ஆனாலும் மாவு புளிப்பதால் சத்து எளிதில் சேரும், வீண்போகாது.

வீட்டுத் தயிரில் எந்த ரகம், எத்தனை என்று எண்ண முடியாது. அதனால் அது மருந்தல்ல, நல்ல சாப்பாடு. 'தயிர் சாப்பிட்டா சளி பிடிக்கும்' என்று தேவையில்லாமல் நிறுத்தவும் வேண்டாம். சளியைக் கொண்டு வருவது வைரஸ்!

நல்ல கிருமிக்குத் தீனியும் வேண்டுமே? சின்ன வெங்காயம், பூண்டு, வாழைப்பழம், ராகி, கம்பு, பச்சைப்பயறு, கீரை எல்லாம் அதற்குத்தான். கம்மங்கூழில் மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் கடித்துச் சாப்பிட்ட நம் பெரியவர்கள் கிருமியையும் அதன் தீனியையும் ஒரே சட்டியில் வைத்திருந்தார்கள்!

கூடவே சோப்புப் போட்டுக் கை கழுவுவது, காய்ச்சிய தண்ணீர், ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து. தமிழ்நாட்டில் 2017-லிருந்து 6, 10, 14-வது வாரங்களில் இலவசமாகவே போடுகிறார்கள்.

யாருக்குக் கூடாது?

குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எதிர்ப்பு சக்தி குறைந்த குழந்தை, பெரிய நோய்க்குச் சிகிச்சையில் இருக்கும் குழந்தை... இவர்களுக்கு டாக்டர் சொல்லாமல் புரோபயாடிக் கொடுக்கவே கூடாது. நல்ல கிருமியே ரத்தத்தில் கலந்து ஆபத்தாகலாம். குறைமாதக் குழந்தைகள் விஷயத்தில் 2023-ல் அமெரிக்க மருந்து நிர்வாகமும் எச்சரித்திருக்கிறது. மற்ற குழந்தைகளுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தால், ரகத்தின் பெயர், காலாவதி தேதி, ஃப்ரிட்ஜில் வைக்கவேண்டுமா என்பதைப் பார்த்து வாங்குங்கள். சூடான பாலில் கலக்காதீர்கள்.

அந்த சத்தியமங்கலத்து வீட்டுக்கு மறுபடி போவோமா? இப்போது அலமாரியில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எப்போதும் தயாராக இருக்கிறது. மத்தியானம் பேரன், தயிர் ஊற்றிப் பிசைந்த சோற்றோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான்.

''இன்னும் ஒரு வாய்... சாமி இல்லே?'' என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறார் பாட்டி.

மருந்துக் கடை எங்கேயும் ஓடிவிடாது. முதலில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கரையுங்கள்!