அப்பாவுக்கு ஒரு ஸ்கூட்டர்

ஹனோய் போன முதல் நாள், ஹோட்டல் வாசலிலேயே இருபது நிமிஷம் நின்றேன். எதிர்சாரியில் காபிக் கடை. நடுவே மோட்டார் சைக்கிள் வெள்ளம்! தனியாகக் கிளம்பி வந்த மகராசிக்குக் கை பிடிக்க யார் இருக்கா?

ஒரு வியட்நாம் பாட்டி வந்து என் முழங்கையைப் பிடித்தார். ஓடவில்லை, நிற்கவில்லை, ஒரே சீராக நடந்தார். வண்டிகள் தாமாகவே விலகிப் போயின. நடுரோட்டில் திகைத்து நின்றால்தான் ஆபத்து!

அந்தத் தைரியத்தில் பழைய ஹனோயைச் சுற்றினேன். அங்கே அந்தக் காலத்தில் விற்ற சரக்கை வைத்துப் பல தெருக்களுக்குப் பெயர். ஹாங் பாக், வெள்ளித் தெரு. ஹாங் மா, இறந்தவர்களுக்காக எரிக்கிற காகிதச் சாமான் தெரு. காகிதச் சட்டை, காகித வீடு, கத்தை கத்தையாகக் காகிதப் பணம்... அட, ஒரு ஸ்கூட்டர்! மேலோகத்திலும் இதே டிராஃபிக்தானா? சிரிப்பு வந்தது.

சட்டென்று நின்றும் போனது. ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தவர் அப்பா. அலாட்மென்ட் கடிதம் வந்தபோது அவர் இல்லை.

கடைக்காரப் பெண் கால்குலேட்டரில் விலை காட்டினாள். நான் பேரம் பேசவில்லை.

ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"என்ன கலர்டி?" என்றாள்.