பக்கம் கட்டும் கணினி

ராசிபுரம் கைலாசநாதர் கோயில் வரலாற்றை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதி, பென்டிரைவில் டி.டி.பி. சென்டருக்குக் கொண்டுபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைப்புகளைப் பெரிதாக்கித் தடித்த எழுத்தில் போட்டிருப்பார். அடுத்த இயல் புதுப் பக்கத்தில் தொடங்க வேண்டுமென்று என்டரைத் தட்டித் தட்டித் தள்ளியிருப்பார். ஏ4 தாளில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். ஆனால் புத்தகம் டெமி அளவு. அளவை மாற்றிய கணமே தலைப்பு பக்கத்தின் அடியில் போய் விழும். பொருளடக்கத்தில் கையால் அடித்த எண்கள் அத்தனையும் பொய்யாகும்.

இதற்கான தீர்வு 1978லேயே வந்துவிட்டது. அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் க்னூத், தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படியின் அவலட்சணம் பொறுக்காமல் எழுதிய மென்பொருள்தான் டெக். அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் கட்டியது லாடெக். ‘இது தலைப்பு, இது அடிக்குறிப்பு’ என்று எழுதுபவர் குறித்துவிட்டால் போதும். அளவு, இடைவெளி, பக்க எண் எல்லாம் கணினியின் பாடு.

அதைவிட நுட்பமானது வரி உடைப்பு. வேர்டு ஒரு வரியை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். டெக் பத்தி முழுவதையும் எடைபோட்டு, எங்கே உடைத்தால் எல்லா வரிகளும் சீராக அமையும் என்று கணக்கிடும். ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ மாதிரி சொற்கள் வரும் தமிழுக்குத்தான் இது அதிகம் தேவை. நம் புத்தகங்களில் வரிக்கு நடுவே பல் விழுந்தாற்போல் தெரியும் ஓட்டைகளுக்கு இந்தச் சொல் நீளம் ஒரு காரணம். 2004இல் வந்த ஸீடெக் என்ற டெக் வடிவம், யூனிகோடு தமிழையும் நேரடியாக ஏற்றுக்கொள்கிறது.

சென்னையிலும் புதுச்சேரியிலும் வெளிநாட்டு ஆய்விதழ்கள் லாடெக்கில் பக்கமாகின்றன. உள்ளூர்த் தமிழ் எழுத்தாளருக்கு அதன் பெயரே தெரியாது. விலை காரணமல்ல, அது இலவசம். பின்சாய்வுக் கோடும் அடைப்புக்குறியுமாக அது கேட்கும் கட்டளைகளைப் பார்த்தாலே பயம். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால் ஆங்கிலத்தில் வசவு வேறு! அந்தக் கட்டளைகளை மறைத்துவைக்க 1995இல் ஜெர்மனியின் மத்தியாஸ் எட்ரிக் உருவாக்கிய லிக்ஸும் பெரும்பாலும் ஆய்வாளர்களோடு நின்றுவிட்டது.

2000இல் வந்த ‘அழகி’ என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் பரவியதை இதோடு ஒப்பிடலாம். ஆங்கில விசைகளில் ‘அம்மா’ என்று ஒலிப்படி தட்டினால் தமிழில் வந்தது. விசைப்பலகையைப் புதிதாகப் பழகு என்று அது யாரையும் கேட்கவில்லை. பக்கம் கட்டும் மென்பொருளைப் பரப்ப நினைப்பவர்கள் ‘உலகத்தரமான அச்சமைப்பு’ என்றுதான் பேசுகிறார்கள். ‘தாள் அளவை மாற்றினாலும் பொருளடக்கம் தானே சரியாகிவிடும்’ என்று சொல்லிப் பார்க்கலாம். ராசிபுரத்து ஆசிரியருக்குச் சட்டென்று புரியும்.

பாதி வழி ஏற்கெனவே அவர் கணினியில் இருக்கிறது. வேர்டிலும் லிப்ரே ஆபிஸிலும் ‘ஹெடிங் 1’ என்ற பாணி உண்டு. தலைப்பை அதில் குறித்தால் பொருளடக்கம் தானாக உருவாகும், மின்னூலாக்குவதும் எளிது. மீதிப் பாதிக்கு, தலபுராணம், கவிதைத் தொகுப்பு, விழா மலர் என ஆயத்தத் தமிழ் வார்ப்புருக்கள் வேண்டும். அவற்றை எழுத்தாளரிடம் கொண்டுபோவதற்கு முன் டி.டி.பி. கடைக்காரரிடம் கொடுக்க வேண்டும். ஊரில் புத்தகம் போட நினைப்பவர் முதலில் ஏறுவது அவர் கடைப் படியைத்தான்.