வழிச்சரமும் ஆறாம் வேற்றுமையும்

கணினி மொழிக்கும் தமிழாசிரியருக்கும் யாது தொடர்பு என வினவுவோர் உளர். மொழி எனப் பெயர்பெற்ற எதற்கும் இலக்கணம் உண்டு. இலக்கணம் உள்ளவிடத்துத் தமிழாசிரியர் எட்டிப் பார்த்தல் குற்றமாகாது. 1995 ஆம் ஆண்டிலே நெற்ஸ்கேப் நிறுவனத்திற் பிரெண்டன் ஐக் என்பவரால் ஆக்கப்பெற்ற ஜாவாஸ்கிரிப்ற் என்னும் மொழியிலிருந்து ஒரு நுட்பத்தை மாத்திரம் ஈண்டு எடுத்து விளக்க முற்படுகின்றோம். மாணவர் பதிவேடுகளைக் கணினியிலேற்ற விரும்பும் எவர்க்கும் இது வேண்டப்படுவதாகும்.

அம்மொழியில் 'பொருள்' என்பது பெயர்களும் அவற்றிற்குரிய பெறுமானங்களும் அடங்கிய ஒரு பெட்டகம். ஒரு பெயருக்குரிய பெறுமானம் இன்னொரு பெட்டகமாகவும் இருக்கலாம். மாணவர் என்னும் பொருளினுள் முகவரி. முகவரியினுள் ஊர், வீதி. இப்பெயர்களைத் தமிழெழுத்திலேயே இடலாம், அம்மொழி ஏற்றுக்கொள்ளும். ஊரை அறிய வேண்டின், மாணவர்.முகவரி.ஊர் என்று எழுதுகின்றோம். இடையில் நிற்கும் குற்று யாது? 'மாணவரது முகவரியினது ஊர்' என விரித்துப் பாருங்கள். அது ஆறாம் வேற்றுமை உருபேயன்றிப் பிறிதன்று. உடையவனை முன்னும் உடைமையைப் பின்னும் வைத்துப் பேசும் தமிழ்ப் பிள்ளைக்கு இவ்வொழுங்கைக் கற்பிக்க வேண்டியதே இல்லை.

ஆயினும், எந்த விவரம் வேண்டும் என்பது நிரலை எழுதும் வேளையில் எப்போதும் தெரிந்திருப்பதில்லை. ஒருவர் ஊரைக் கேட்பார். மற்றொருவர் தமிழ்ப் பாடப் புள்ளியைக் கேட்பார். ஆதலின் வழியையே "முகவரி.ஊர்" என ஒரு சரமாக எழுதிவைத்து, வேண்டியபோது ஒரு சார்பினிடம் கொடுக்கின்றோம். இதனை வழிச்சரம் என்போம். இச்சரத்தை அப்படியே சதுர அடைப்புக்குள் இட்டால், முழுவதையும் ஒரே பெயராகக் கொண்டு தேடி, இல்லையென்று மீளும் மொழி இது. எனவே நம் சார்பு குற்றுத்தோறும் சரத்தைப் பிரித்து, ஒவ்வொரு பெயராகப் படியிறங்குதல் வேண்டும்.

இறங்கும் வழியில் ஒரு படி இல்லாதிருப்பின்? முகவரியே பதியப்படாத மாணவரிடம் ஊரைக் கேட்டால் நிரல் பிழைகூறி நின்றுவிடும். ஆகவே படிதோறும் 'உண்டா?' என வினவி, இல்லையெனின் நாம் முன்னரே குறித்த மாற்றுப் பெறுமானத்தைத் தருதல் முறை. மொழியின் 2020 ஆம் ஆண்டுத் தரப்பதிப்பு இதற்கெனவே வினாக்குறியும் குற்றும் சேர்ந்த ?. என்னும் குறியைத் தந்தது.

இவ்விடத்திலே மாணவர் பெரிதும் இடறுகின்றனர். பரீட்சையிற் பூச்சியம் பெற்றவனும் பரீட்சைக்கே தோற்றாதவனும் ஒருவரல்லர். 'அல்லது' எனப் பொருள்படும் இரட்டை நெடுங்கோட்டுக் குறியால் மாற்றுப் பெறுமானத்தைக் கொடுத்தால், அது பூச்சியத்தையும் இன்மையாகவே கருதி, எழுதியவனையும் 'தோற்றவில்லை' என்று பதிந்துவிடும். அதே 2020 ஆம் ஆண்டிற் சேர்க்கப்பட்ட ?? என்னும் குறியோ உண்மையான இன்மைக்கு மாத்திரமே மாற்றைத் தரும். புள்ளிப் பதிவேட்டில் இவ்விரண்டாவதையே கையாளுதல் வேண்டும். பிள்ளையொருவனின் உழைப்பு, அது பூச்சியத்தில் முடிந்ததாயினும், இல்லையென ஆக்கப்படலாகாது.

இனி மாற்றுதல். ஈற்றயற் பெயர்வரை இறங்கி, ஈற்றுப் பெயருக்குப் புதிய பெறுமானத்தை இடுகின்றோம். இடையிலே இல்லாத பெட்டகங்களைச் சார்பே ஆக்கிக்கொள்ளும். இவ்வசதிக்குள்ளே ஒரு பொறி உண்டு. லோடாஷ் என்னும் பெயர்பெற்ற கருவித்தொகுதி, இல்லாத படிக்கு அடுத்து வருவது எண்ணாயின் பொருளை ஆக்காது அணியை, அஃதாவது எண்வரிசைப் பட்டியலை, ஆக்கும். "பெறுபேறு.2024.தமிழ்" என்னும் வழியில் 75 ஐ இடச் சொன்னால், எண்ணிக்கை பூச்சியத்திற் தொடங்குவதால், 2025 இடங்கொண்ட அணியொன்று தோன்றும். அதனை ஜேசன் வடிவிற் கோப்பாக்கினால், ஒரு புள்ளிக்கு முன்னே 2024 வெறுமைக் குறிகள் அணிவகுத்து நிற்கும்! அவ்விடத்திலே வெறும் பொருளொன்றை முன்னரே வைத்துவிட்டால் இத்தொல்லை இல்லை.

பழைய பதிவும் மாறாதிருக்க வேண்டுமாயின், வழியிலுள்ள பொருள்களை மாத்திரம் படியெடுத்து மாற்றினாற் போதும். ஏனையவற்றை இரு பதிவுகளும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம்.

எம்மவர்க்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. "பெறுபேறு.க.பொ.த.தமிழ்" என எழுதிப் பாருங்கள். நாம் கருதியவை மூன்று பெயர்கள். சார்பு காண்பதோ ஐந்து. பகாப்பதத்தைப் பகுத்த கதையாக, க என்றொரு பெட்டகம், அதனுள் பொ, அதனுள் த எனப் புதியனவற்றை ஆக்கி, அங்கே புள்ளியை இட்டுவிடும். பிழையென்று ஒரு சொல்லும் கூறாது. உண்மையான க.பொ.த. பதிவு பழையபடியே கிடக்கும். இதற்குப் பெயர்களைச் சரமாக அன்றி அணியாகவே கொடுத்தல் ஒரு வழி. 2013 ஏப்பிரலில் வெளியான ஜேசன் பொயின்ரர் என்னும் தரவிதியைக் கைக்கொள்ளல் மற்றொன்று. அதில் "/பெறுபேறு/க.பொ.த/தமிழ்" எனச் சாய்கோடே பிரிக்கும் குறி, பெயருக்குள்ளேயே சாய்கோடு வரின் ~1 என்றும், அலைக்குறி வரின் ~0 என்றும் எழுதுக என அவ்விதி கூறும். குற்றிட்டுச் சுருக்கும் வழக்கம் மிகுந்த எமக்கு இதுவே ஏற்றதென்பது எம் கருத்து.

ஈற்றில், அச்சந்தரும் செய்தி. தேசவழமை முதுசொம் வேறு, தேடியதேட்டம் வேறு எனப் பிரிப்பதை யாழ்ப்பாணத்தார் அறிவர். ஜாவாஸ்கிரிப்ற் பொருளுக்கும் தன்னிடத்தே வைத்த உடைமையும் உண்டு. தன் மூலப்பொருளிடமிருந்து வழிவந்த உடைமையும் உண்டு. அம்மூலத்தைச் சுட்டும் பெயர், இருபுறமும் இவ்விரு அடிக்கோடு கொண்ட 'புரோற்றோ' என்பது. வழிச்சரத்தை அயலார் ஒருவர் அனுப்ப, நம் சார்பு ஆராயாது ஏற்று, அப்பெயர்வழி இறங்கி 'நிலை' என்பதற்கு 'விலக்கப்பட்டவர்' என இட்டதாகக் கொள்வோம். அது ஒரு மாணவரின் பதிவில் விழாது, முதுசொத்திலேயே விழும். தமக்கென 'நிலை' குறிக்கப்படாத அத்தனை மாணவரும் அக்கணமே விலக்கப்பட்டவராய்த் தோன்றுவர். இது வெறுங் கற்பனையன்று. லோடாஷிலேயே பொருள்களை ஒன்றோடொன்று சேர்க்கும் சார்புகளில் இவ்வகைக் குறைகள் 2018, 2019 ஆம் ஆண்டுகளிற் கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டன.

ஆதலின் அப்பெயரையும், அதே மூலத்திற்குச் சுற்றுவழியாகக் கொண்டுசெல்லும் 'கொன்ஸ்ரக்ரர்', 'புரோற்றோரைப்' என்னும் பெயர்களையும் வழிச்சரத்திற் கண்டவுடனே சார்பு மறுத்துவிடுதல் வேண்டும். படிக்கும்போது, ஒவ்வொரு படியிலும் உடைமை அப்பொருளுக்கே சொந்தமானதா என வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்கென 'ஹாஸ்ஓன்' என்னும் சார்பு 2022 ஆம் ஆண்டுத் தரப்பதிப்பில் மொழியிலேயே சேர்க்கப்பட்டுள்ளது.