பழைய புல்லட்டுக்குத் தொண்டைக் கட்டு!

"டுப்... டுப்... டுப்..."

தெருக்கோடியில் திரும்பும்போதே தெரிந்துவிடும், யார் வருகிறார் என்று! புல்லட் மோட்டார் சைக்கிளுக்கு ஹாரன் எதற்கு? அதன் குரலே போதும்.

பள்ளிக்கரணையில் என் நண்பர் ஒருவர் வீட்டில் அப்படி ஒரு பழைய புல்லட் இருக்கிறது. காலஞ்சென்ற அவருடைய தகப்பனார் ஓட்டிய வண்டி. 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் மழை கொட்டி, வெள்ளம் தெருவுக்குள் புகுந்தபோது, வண்டியும் தண்ணீரில் நின்றது. பிறகு எஞ்சினைக் கழற்றித் துடைத்து ஓட வைத்தார்கள். ஆனால் சில மாதங்களில் குரல் மாறிவிட்டது. கம்பீரம் போய், ஓட்டைத் தகரத்தைத் தட்டுவது போல் ஒரு சத்தம்!

"சைலன்சர் போச்சு, சார். தூக்கிப் போடுங்கள். வெடிச் சத்தம் வருகிற மாதிரி புதுசு மாட்டித் தருகிறேன்" என்றார் ஒரு மெக்கானிக்.

நண்பருக்கு மனம் வரவில்லை. "அப்பா வரும்போது கேட்குமே, அந்தச் சத்தம்தான் வேண்டும்" என்று, முதிய மெக்கானிக் ஒருவரைத் தேடிப் போனார். நானும் கூடப் போனேன்.

சென்னைச் சரக்கு

புல்லட் என்ற பெயர் இங்கிலாந்தில் 1932-லேயே பிறந்துவிட்டது. நம் ராணுவம் அந்த வண்டியை விரும்பி வாங்கியது. 1955-ல் ரெட்டிச் நகர ராயல் என்பீல்டு கம்பெனியும் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்தன. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. இங்கிலாந்துக் கம்பெனி 1970-ல் உற்பத்தியை நிறுத்திய பிறகும், சென்னையில் புல்லட் பிறந்துகொண்டே இருந்தது!

பகை உள்ளேதான்!

துரு வெளியிலிருந்துதான் வருகிறது என்று நாம் நினைக்கிறோம். கடல் காற்றும் சதுப்பு நிலத்து ஈரமும் சேர்ந்த பள்ளிக்கரணையில் அதுவும் உண்மைதான். ஆனால் சைலன்சருக்குப் பெரிய பகை உள்ளே இருக்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால், ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. வண்டி நெடுந்தூரம் ஓடினால், சூட்டில் அது ஆவியாகவே வெளியேறிவிடும். கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும் வண்டியிலோ, குழாய் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. ஆவி தண்ணீராகி அடியில் தேங்குகிறது. மேலே குரோமியம் பளபளக்க, உள்ளே இரும்பு கரைகிறது! வெள்ளத் தண்ணீரும் புகுந்துவிட்டால் சொல்லவும் வேண்டுமோ?

தட்டிப் பார்!

முதியவர் முதலில் இணைப்புகளைப் பார்த்தார். கரி படிந்த இடம் புகை கசியும் இடம். ஆக்சிலேட்டரை விட்டதும் 'பட், பட்' என்று வெடித்தால், கசிவு வழியாகக் காற்று புகுந்து, எரியாத பெட்ரோல் குழாயில் எரிகிறது என்று சந்தேகிக்கலாம்.

துருப் பிடித்த நட்டுகளை அவர் முரட்டுத்தனமாகத் திருகவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற வைத்தார். மறுநாள் கழற்றிய சைலன்சரை, சந்தையில் மண்பானை வாங்குகிறவர் போல், விரலால் தட்டிக்கொண்டே வந்தார். கணீரென்றால் நல்ல இரும்பு. மந்தமாக ஒலித்தால் இற்றுப்போனது. அடிப்பக்கம் மட்டுமே மந்தம்!

ஒட்டுப் போடும் கலை

இற்ற பாகத்தை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்தார். ஓட்டையின் மேல் அப்படியே வெல்டிங் வைத்தால் நிற்காதாம். சுற்றிலும் குரோமியப் பூச்சைச் சுரண்டினார். பூச்சோடு வெல்டிங் செய்தால் கிளம்பும் புகை நஞ்சு. அதே கனமுள்ள தகட்டை வளைத்துப் பொருத்தி, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வைத்துப் பிறகு முழுவதும் ஒட்டினார். ஒரே மூச்சில் ஒட்டினால் சூட்டில் தகடு கோணிவிடும்.

எஞ்சினிலிருந்து வரும் வளைந்த குழாயைப் புதிதாகச் செய்ய நேர்ந்தால், காய்ந்த மணலை இறுக நிரப்பி, இருபுறமும் அடைத்து, பழுக்கக் காய்ச்சி வளைக்க வேண்டும். அப்போதுதான் மடிப்பு விழாது. மணலில் ஈரம் இருந்தால் ஆவி அழுத்தத்தில் அடைப்பு பிய்த்துக்கொண்டு பறக்கும். ஆபத்து!

மாட்டும்போது எல்லாவற்றையும் தளர்வாகப் பொருத்தி, எஞ்சின் பக்கத்திலிருந்து பின்னோக்கி முடுக்கினார். "இழுத்துப் பிடித்து மாட்டினால், அதிர்ச்சியில் ஒட்டு விட்டுப்போகும், தம்பி" என்றார்.

ஒரு எச்சரிக்கை: மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓட்டிச் சோதிக்காதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளையே கொன்றுவிடும்.

சத்தமும் சட்டமும்

சைலன்சருக்குள் துளையிட்ட குழாய்களும் தடுப்புகளும் இருக்கின்றன. சீறி வரும் புகை அவற்றில் விரிந்து, வேகம் தணிந்து வெளியேறுகிறது. இளைஞர்கள் சிலர் அவற்றைப் பிடுங்கிவிடுகிறார்கள். வேகம் கூடும் என்ற நினைப்பு! கூடுவது பெரும்பாலும் சத்தந்தான். பெட்ரோல் கலவையும் சரியில்லாமல் போகலாம். தொட்டிலில் தூங்கும் குழந்தையையும், படுக்கையில் கிடக்கும் நோயாளியையும் யார் நினைக்கிறார்கள்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, ஒலி வரம்பை மீறினால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு; 3 மாதம் வரை சிறையும் கிடைக்கலாம்.

அன்று மாலை நண்பர் வேளச்சேரி - தாம்பரம் சாலையில் வண்டியை நன்றாகச் சூடேற ஓட்டிவிட்டு, வீட்டுத் தெருவில் திரும்பினார். "டுப்... டுப்... டுப்..." பழைய குரல்!

அடுப்பங்கரையில் இருந்த அவருடைய தாயார், கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். வந்தது மகன் என்று கண்டதும் சற்று நேரம் பேசாமல் நின்றார்.

"அப்பா வண்டி சத்தம் அப்படியே இருக்கிறதடா" என்றார்.